பை எதுவரை போகும்?

வேலைக்காக விமானம் ஏறும் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் எண்ணூர், வல்லூர் அனல்மின் நிலையங்களிலும் ஷட்டவுன் வேலை பார்த்துக் கை தேர்ந்த ஃபிட்டர், வெல்டர், ரிக்கர், ஸ்கேஃபோல்டர்களுக்கு வளைகுடா நாடுகளில் நல்ல மதிப்பு உண்டு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் கப்பல் வேலைக்குப் போகிறவர்களும் நிறையப் பேர். இவர்களில் பலருக்கு நேர் விமானம் அமைவதில்லை. கம்பெனியோ ஏஜென்டோ எடுத்துக் கொடுக்கும் டிக்கெட் மும்பை வழியாகவோ, கொழும்பு வழியாகவோ, தோஹா, துபாய் வழியாகவோ வருகிறது.

நேர் விமானம் என்றால் சென்னையில் போட்ட பையை இறங்கும் ஊரில் எடுத்துக்கொண்டு போய்விடலாம். இடையில் விமானம் மாறும்போதுதான் ஆள் போகும் வழி ஒன்று, பை போகும் வழி இன்னொன்று என்று ஆகிறது. பையின் வழி டிக்கெட் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. கவுன்டரில் நின்று கெஞ்சினாலும் பெரும்பாலும் மாறாது. ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் டிக்கெட் கைக்கு வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.

ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

சென்னையிலிருந்து தோஹா, அங்கிருந்து குவைத் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், சென்னையில் போடும் பை நேராகக் குவைத்துக்குப் போகும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு.

இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் கதை வேறு. முதல் விமானக்காரருக்கு உங்கள் வேலை இடைப்பட்ட ஊரோடு முடிந்தது. பையும் அங்கேயே இறங்கிவிடும். அதை எடுக்க வேண்டுமானால் அந்த நாட்டு இமிகிரேஷனைத் தாண்டி வெளியே போக வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். விசா இல்லாதவர் உள்ளே, பை வெளியே. குறைந்த கட்டண விமானங்களில் பெரும்பாலும் இதுதான் நிலை. இணையத்தில் மலிவாக வரும் ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ டிக்கெட்டும் இந்த வகைதான். சில சமயம் சென்னைக் கவுன்டரிலேயே, அடுத்த நாட்டுக்கான விசாவைக் காட்டச் சொல்லி ஏற்ற மறுத்துவிடுவார்கள்.

ஏஜென்ட் இரண்டு டிக்கெட்டையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். தாளைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிஎன்ஆர் எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். ஒரே டிக்கெட்டில் இரண்டு விமான நிறுவனங்கள் வரும்போது ஆளுக்கொரு பிஎன்ஆர் இருப்பதும் உண்டு. பார்க்க வேண்டியது 13 இலக்க டிக்கெட் எண். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் எண்: ஏர் இந்தியாவுக்கு 098, கத்தார் ஏர்வேஸுக்கு 157, எமிரேட்ஸுக்கு 176, ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸுக்கு 603. இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட் எண் இருந்தால் கவலை இல்லை. வேறு வேறு எண் இருந்தால் உடனே ஏஜென்டைக் கூப்பிடுங்கள்: “அண்ணே, பை கடைசி ஊர் வரைக்கும் நேரா போகுமா, நடுவுல நான் எடுக்கணுமா? எடுக்கணும்னா எனக்கு அங்க விசா வேணுமே?” இந்தக் கேள்விக்கு “அதெல்லாம் பார்த்துக்கலாம்பா” என்பது பதில் ஆகாது.

தனித்தனி டிக்கெட்டில் இன்னொரு சங்கடம் எடை. முதல் விமானத்தில் 40 கிலோ அனுமதி, இரண்டாவதில் 20 கிலோ என்றால் உங்களுக்குக் கிடைப்பது 20 கிலோதான். மிச்சத்துக்கு அயலூரில், டாலரிலோ திர்ஹாமிலோ பணம் கட்ட வேண்டும். டிக்கெட்டில் ‘30 கே’ என்று இருந்தால் மொத்தம் 30 கிலோ. ‘2 பிசி’ என்று இருந்தால் இரண்டு பைகள், பெரும்பாலும் பைக்கு 23 கிலோ. ஒரே பையில் 46 கிலோவைத் திணிக்க முடியாது. எந்த வகையானாலும் ஒரு பை 32 கிலோவைத் தாண்டினால் வாங்க மாட்டார்கள்.

சுற்றி அனுப்புகிறாரா ஏஜென்ட்?

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இசிஆர் என்று இருக்கும். அந்த பாஸ்போர்ட்டோடு சவுதி, குவைத், கத்தார், அமீரகம், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். ‘இ-மைக்ரேட்’ தளம் வழியாக இது நடக்கிறது. இந்த அனுமதியோடு போகிறவருக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடைக்கிறது.

இதைத் தட்டிக்கழிக்கச் சில ஏஜென்டுகள் செய்யும் பழைய வேலை ஒன்று உண்டு. அனுமதி தேவைப்படாத ஒரு நாட்டுக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து வளைகுடாவுக்குத் தனியாக இன்னொரு டிக்கெட். அல்லது “விசிட் விசாவுல போப்பா, அங்க போய் மாத்திக்கலாம்” என்பார். உங்கள் பாஸ்போர்ட் இசிஆர், டிக்கெட்டோ தனித்தனியாக இரண்டு, நடுவில் சம்பந்தமில்லாத ஒரு நாடு என்றால் பையைப் பற்றிய கவலையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வேலையே உண்மையா என்று பாருங்கள். ஏஜென்டின் உரிம எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்துகிறது, கிண்டியில் இருக்கிறது. அங்கும் விசாரிக்கலாம்.

எந்தப் பையில் எது?

செக்-இன் பை ஒரு நாள் தாமதமாக வந்தாலும் உங்கள் வேலை தடைபடக் கூடாது. அதை வைத்துப் பிரியுங்கள்.

கைப்பையில் போக வேண்டியவை: பாஸ்போர்ட், விசா நகல், வேலை ஒப்பந்தம், அசல் சான்றிதழ்கள், வெல்டர் தகுதிச் சான்று, மருத்துவச் சான்று, மருந்து, மருத்துவர் சீட்டு, கண்ணாடி, பணம், ஒரு செட் உடை, போன், சார்ஜர். அசல் சான்றிதழைச் செக்-இன் பையில் போடவே கூடாது. சான்றிதழ், நகை, பணம் தொலைந்தால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று விமான நிறுவனங்கள் தங்கள் விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே. செக்-இன் பையில் இருந்தால், ஸ்கேனரில் தெரிந்ததும் பையை நிறுத்தி உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் கிடைக்கவில்லை என்றால் பை ஏறாமலே போகலாம். 100 வாட்-ஹவர் வரை தடையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-ஹவர்தான். கம்பியில்லா டிரில்லின் தனி பேட்டரிக்கும் இதே விதி.

செக்-இன் பையில் போக வேண்டியவை: ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கட்டர், டேப் முதலிய எல்லாக் கருவிகளும். இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவையும் உள்ளே போட்டுவிட்டுச் சாதாரணச் செருப்பிலோ ஷூவிலோ போங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சோதனையிலும் கழற்றி மாட்ட வேண்டும். ஊறுகாய், எண்ணெய், நெய் எல்லாம் செக்-இன் பையில்தான். கைப்பையில் திரவப் பொருள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். காசிமேட்டுக் கருவாடு கொண்டுபோகிறவர்கள் இரண்டு மூன்று உறை போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். போகும் நாட்டில் உணவுப் பொருளுக்கு என்ன விதி என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோகக் கூடாதவை சில. கொப்பரைத் தேங்காய் வேண்டாம். எண்ணெய்ச் சத்து அதிகம், தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று செக்-இன் பையில் தடை செய்திருக்கிறார்கள். கசகசா அறவே வேண்டாம். நம் வீட்டுக் குருமாவுக்குப் போடும் அதே கசகசா அமீரகத்திலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் கணக்கில் வருகிறது. ஒரு சின்னப் பொட்டலம் சிறைவரை கொண்டுபோகும். அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிரமடால், கோடின் கலந்த இருமல் மருந்து போன்றவையும் வளைகுடாவில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மெல்லும் புகையிலை, பான் மசாலாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். “மச்சானுக்கு ஒரு பார்சல், கொண்டு போய்க் கொடுத்துடு தம்பி” என்று யாராவது கொடுத்தால், உங்கள் கண் முன்னால் பிரித்து அடுக்காத பொருளை வாங்காதீர்கள். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் பெயர் போட்ட டேகுக்குச் சொந்தக்காரர்.

நைலான் கயிறு கட்டிய மூட்டையும் வேண்டாம். தட்டையான பக்கம் இல்லாத, உருண்டையான, ஒழுங்கில்லாத வடிவப் பைகளைத் துபாய் விமான நிலையம் 2017 மார்ச் முதல் ஏற்பதில்லை. அவை கன்வேயர் பெல்டில் சிக்கி மொத்த வரிசையையும் நிறுத்திவிடுகின்றன. அட்டைப்பெட்டி என்றால் நான்கு பக்கமும் தட்டையாக டேப் ஒட்டி, பெயரையும் இறங்கும் ஊரையும் பெரிதாக எழுதுங்கள். பழைய பயணத்தின் டேகும் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தால் கிழித்துப் போடுங்கள்; பை வழி மாறிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். பைக்குள்ளேயும் பெயர், போன் எண், கம்பெனி முகவரி எழுதிய ஒரு தாள் இருக்கட்டும். மூடுவதற்கு முன் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று போனில் படம் எடுத்துவையுங்கள்.

தேதியைச் சரியாகப் படியுங்கள்

வளைகுடா விமானங்கள் பல சென்னையிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு புறப்படுகின்றன. டிக்கெட்டில் ‘18-ம் தேதி, 00:45’ என்று இருந்தால், 17-ம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று பொருள். 18-ம் தேதி இரவு கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

டிக்கெட்டில் உள்ள எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். குவைத், கத்தார், சவுதி, பஹ்ரைன் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அமீரகமும் ஓமனும் ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இறங்கியதும் போன் கடிகாரத்தை அந்த ஊர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நெட் இல்லாத போன் இந்திய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

மீனம்பாக்கம் போவது எப்படி?

பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே இருக்க வேண்டும். செக்-இன் கவுன்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளுக்கு உங்கள் விமான நேரம் தெரியாது. சாலையை நம்பிக் கிளம்புகிறவர்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மெட்ரோதான் நிச்சயம். 2021 பிப்ரவரியில் நீல வழித்தடம் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து, திருவொற்றியூரில் ஏறினால் மாறாமல் விமான நிலையத்தில் இறங்கலாம். ஏறத்தாழ ஒரு மணி நேரம். ராயபுரத்துக்காரர்களுக்கு வண்ணாரப்பேட்டை நிலையம் வசதி. ஆனால் மெட்ரோ காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரைதான். விடியற்காலை 2 மணி விமானமானாலும் இரவு 9 மணிக்கே ஏறிவிடுவது நல்லது. எண்ணூர், கத்திவாக்கம் பக்கம் இருப்பவர்கள் மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வந்து, தாம்பரம் வண்டிக்கு மாறித் திரிசூலத்தில் இறங்கினால் விமான நிலையம் எதிரே இருக்கிறது. அந்தப் பெரிய பையோடு படிக்கட்டு ஏறி இறங்க ஒருவர் துணைக்கு வந்தால் போதும். ஊரே வேன் பிடித்து வர வேண்டியதில்லை.

சென்னையில் பன்னாட்டு விமானங்களுக்கு டெர்மினல் 2. புதிய கட்டடம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. உள்நாட்டுக்கு டெர்மினல் 1, டெர்மினல் 4. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். “குவைத்துக்குப் போறோம், அப்ப டெர்மினல் 2” என்று போய் நிற்பார்கள். ஆனால் மும்பை வழியாகக் குவைத் போகிறவருக்கு முதல் விமானம் உள்நாட்டு விமானம். அது பெரும்பாலும் உள்நாட்டு டெர்மினலிலிருந்தே கிளம்பும். போகும் நாட்டை வைத்து முடிவு செய்யாமல், டிக்கெட்டில் முதல் விமானத்துக்கு எதிரே போட்டிருக்கும் டெர்மினல் எண்ணைப் பாருங்கள்.

கவுன்டரில் இரண்டு நிமிடம்

பையை எடை போட்டு, கைப்பிடியில் ஒரு நீளக் காகித டேகைச் சுற்றுவார்கள். பெல்ட் நகரும் முன் அதைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது பை கடைசியாகப் போய்ச் சேரும் ஊர். சின்ன எழுத்தில் இருப்பது இடையில் மாறும் ஊர். மூன்று ஆங்கில எழுத்துகளில் இருக்கும்: சென்னைக்கு எம்ஏஏ, குவைத்துக்குக் கேடபிள்யூஐ, தோஹாவுக்கு டிஓஎச், தம்மாமுக்கு டிஎம்எம், அபுதாபிக்கு ஏயூஎச், மும்பைக்கு பிஓஎம். உங்கள் ஊரின் எழுத்துகளை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்கோடுக்குக் கீழே 10 இலக்க எண் இருக்கும். பையை உலகம் முழுக்கத் தேடுவது அந்த எண்ணை வைத்துத்தான். அதன் சின்னத் துண்டைப் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தருவார்கள். வேலையிடத்தில் பையைத் திறக்கும்வரை அது உங்களிடம் இருக்க வேண்டும். கையோடு ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

பேச வேண்டியது இவ்வளவுதான்:

“மேடம், பை எதுவரைக்கும் போகுது?”

“குவைத் வரைக்கும் போட்டிருக்கேன் சார்.”

“தோஹாவுல நான் எடுக்கணுமா?”

“வேணாம் சார், நேரா குவைத்துல எடுத்துக்கலாம்.”

“ரெண்டாவது ஃபிளைட்டுக்கும் போர்டிங் பாஸ் இதுலயே இருக்கா மேடம்?”

பின்னால் வரிசை நீளமாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். டேகில் தவறான ஊர் இருந்தால் அதைத் திருத்த இதைவிட எளிதான இடம் வேறு இல்லை. இரண்டாவது போர்டிங் பாஸ் இங்கே தராவிட்டால், மாறும் ஊரில் டிரான்ஸ்ஃபர் கவுன்டரில் வாங்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாறும் ஊரில்

விமானத்திலிருந்து இறங்கியதும் பாதை இரண்டாகப் பிரியும். ‘அரைவல்ஸ்’, ‘பேகேஜ் கிளெய்ம்’ என்ற பலகை ஊருக்குள் போகிறவர்களுக்கு. ‘டிரான்ஸ்ஃபர்ஸ்’ அல்லது ‘கனெக்‌ஷன்ஸ்’ என்ற பலகைதான் உங்களுக்கு. கூட்டம் போகிற பக்கமே போனால் இமிகிரேஷன் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை உண்டு. விமானத்தில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை அதற்கு முன் காலி செய்துவிடுங்கள்.

அடுத்து, திரையில் உங்கள் விமான எண்ணைத் தேடுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே ஊருக்கு அரை மணி நேர இடைவெளியில் இரண்டு விமானம் இருக்கும். கேட் எண் போர்டிங் பாஸில் இல்லாமலும் இருக்கலாம், கடைசி நேரத்தில் மாறவும் செய்யும். பல விமான நிலையங்களில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உட்கார்வதும் தூங்குவதும் கேட்டைக் கண்டுபிடித்த பிறகு, அதன் அருகில். புறப்படுவதற்கு 20, 25 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள்.

சில ஊர்களை முன்கூட்டித் தெரிந்துகொள்வது நல்லது. தோஹா ஹமத் விமான நிலையம் ஒரே டெர்மினல். நடு மண்டபத்தில் ஏழு மீட்டர் உயரத்தில் தலையில் விளக்கோடு ஒரு மஞ்சள் கரடிச் சிலை இருக்கும். வழி தெரியாவிட்டால் அங்கே வந்து, கேட்டின் முதல் எழுத்தைப் பார்த்து மறுபடி தொடங்குங்கள். நண்பர்களோடு போகிறவர்கள் பிரிந்துவிட்டால் சந்திக்கவும் அதுவே நல்ல அடையாளம். துபாயில் மூன்று டெர்மினல்கள். எமிரேட்ஸுக்கு டெர்மினல் 3. டெர்மினல் 2 ஓடுபாதைக்கு மறுபுறம் தனியாக இருக்கிறது, பேருந்தில்தான் போக வேண்டும். இறங்குவது ஒன்றில், ஏறுவது மற்றொன்றில் என்றால் கூடுதல் நேரம் வேண்டும். சிங்கப்பூர் சாங்கியில் 1, 2, 3 டெர்மினல்களுக்கு ரயில் இருக்கிறது. டெர்மினல் 4-க்குப் பேருந்து.

முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டதா? ஒரே டிக்கெட் என்றால் பதறி அடித்துப் புது டிக்கெட் வாங்காதீர்கள். டிரான்ஸ்ஃபர் கவுன்டருக்குப் போய்ப் போர்டிங் பாஸைக் காட்டுங்கள். அடுத்த விமானத்தில் இடமும், காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும் கேளுங்கள். பையும் சேர்ந்து வருகிறதா என்று டேக் துண்டைக் காட்டி விசாரியுங்கள். உடனே கம்பெனி ஆளுக்குத் தகவல் சொல்லுங்கள். நம் ஊர் சிம் அங்கே வேலை செய்யாமல் போகலாம். எண்களைத் தாளிலும் எழுதி வைத்திருந்தால் யார் போனிலிருந்தும் பேசலாம்.

மும்பை, டெல்லி வழி: போக ஒன்று, வர ஒன்று

போகும்போது: ஒரே டிக்கெட் என்றால் பை சென்னையிலிருந்தே வளைகுடா வரை டேக் ஆகும். மும்பையில் நீங்கள் பையைத் தொட வேண்டாம். இமிகிரேஷன் மட்டும் பெரும்பாலும் அங்கே நடக்கும். மும்பையில் பன்னாட்டு விமானங்கள் டெர்மினல் 2-ல். உங்கள் உள்நாட்டு விமானம் டெர்மினல் 1-ல் இறங்கினால் இரண்டுக்கும் நடுவே வண்டியில்தான் போக முடியும். ஊர் நெரிசலையும் கணக்கில் சேருங்கள்.

வரும்போது: விதி தலைகீழ். இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் பொதுவாக இமிகிரேஷனும் சுங்கமும். டேகில் எம்ஏஏ என்று போட்டிருந்தாலும் மும்பை பெல்டில் பையை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, வெளியேறும் முன் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கவுன்டரில் மறுபடி போட வேண்டும். சில விமானங்களுக்கு விதிவிலக்கு உண்டு, ஏறும்போதே கேட்டுவிடுங்கள். எடுக்காமல் சென்னைக்கு வந்துவிட்டால் பை மும்பையில் சுற்றிக்கொண்டிருக்கும். டிவி, தங்கம் கொண்டுவருகிறவர்களுக்குச் சுங்க வரிப் பேச்சும் மும்பையிலேயே முடிந்துவிடும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். “வெளிநாட்டிலிருந்து வர்றான்” என்று குடும்பம் டெர்மினல் 2 வாசலில் காத்திருக்கும். மும்பையிலிருந்து வரும் நீங்கள் உள்நாட்டு டெர்மினலில் வெளியே வருவீர்கள்.

கப்பல் ஏறுகிறவர்களுக்கு

கப்பல்காரர்களுக்குப் பை தாமதமானால் நஷ்டம் அதிகம். துறைமுகத்தில் கப்பல் உங்களுக்காகவும் நிற்காது, உங்கள் பைக்காகவும் நிற்காது. அதனால் சிடிசி (கடற்பணிப் பதிவுப் புத்தகம்), பாஸ்போர்ட், எஸ்டிசிடபிள்யூ சான்றிதழ்கள், ஒப்பந்தம், கம்பெனி தந்த உத்தரவாதக் கடிதம், மருத்துவச் சான்று இவற்றோடு ஒரு பாய்லர் சூட்டும் நான்கைந்து நாளைக்கான உள்ளாடையும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். சில நாடுகளுக்கு ‘ஓகே டு போர்டு’ அனுமதி விமான நிறுவனத்தின் பதிவில் ஏறியிருக்க வேண்டும். கிளம்பும் முன் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மாலுமிகளுக்கான மரைன் டிக்கெட்டில் பொதுவாகக் கூடுதல் எடை அனுமதி உண்டு. அதைக் கவுன்டரில் சிடிசியைக் காட்டிச் சொல்லுங்கள். ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை வேண்டியிருக்கும். சென்னையில் ராஜாஜி சாலையில் உள்ள துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறுகிறவர்கள், அந்த நாட்டில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில் பையை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டும். டேக் கடைசி ஊர் வரை இருந்தாலும் பொதுவாக விதி அதுதான்.

கப்பலில் வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் கேட்கக் கூடாது என்பது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. இந்தியா 2015-ல் அதை ஏற்றது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் செலவும் கப்பல் உரிமையாளரைச் சேர்ந்தது. “டிக்கெட் காசை நீயே போட்டுக்கோ” என்கிற இடத்தில் ஜாக்கிரதையாக இருங்கள்.

பை வரவில்லையா?

பெல்ட் நின்றுவிட்டது, உங்கள் பை இல்லை. அந்த இடத்தைவிட்டு வெளியே போகாதீர்கள். பெல்ட் பக்கத்திலேயே பேகேஜ் சர்வீஸ் கவுன்டர் இருக்கும். அங்கே ‘பிஐஆர்’ என்னும் புகார்ப் படிவத்தை எழுதி, குறிப்பு எண்ணோடு நகல் வாங்குங்கள். பையின் நிறம், அளவு, உள்ளே இருப்பது எல்லாம் கேட்பார்கள். வீட்டில் எடுத்த படம் இப்போது உதவும். முகவரிக்குக் கேம்ப் பெயரும் கம்பெனி ஆளின் எண்ணும் கொடுங்கள். கப்பல்காரர்கள் கப்பல் ஏஜென்டின் முகவரியைக் கொடுங்கள். வந்து சேரும்வரை வாங்கிய அவசியப் பொருள்களுக்கு ரசீது வைத்திருங்கள்.

பன்னாட்டுப் பயணத்துக்கு 1999-ம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும்; இந்தியாவில் 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. பை சேதமானால் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள். 21 நாளாகியும் வராத பையைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். அதன் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), சுமார் 2,000 அமெரிக்க டாலர். அது உச்சவரம்புதான், தொலைந்த பொருளின் மதிப்பைக் காட்டிக் கேட்டால்தான் கிடைக்கும். கருவிகளுக்கான பில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்

ஏஜென்டுக்கோ கம்பெனிக்கோ ஒரே ஒரு போன். நான்கு கேள்விகள்.

1. இரண்டு விமானத்துக்கும் டிக்கெட் எண் ஒன்றா?
2. பை கடைசி ஊர் வரை நேராகப் போகுமா, நடுவில் எடுக்க வேண்டுமா? எடுக்க வேண்டும் என்றால் விசா யார் பொறுப்பு?
3. எத்தனை கிலோ, எத்தனை பை? இரண்டு விமானத்துக்கும் அதே அளவா?
4. இறங்கும் விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக யார் வருவார், அவர் எண் என்ன?

பதிலை வாயால் சொன்னால் போதாது; வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நாணயமான ஏஜென்டுக்கு இது ஐந்து நிமிட வேலை. எழுதித் தர மறுக்கிறவரின் டிக்கெட்டுக்குப் பாக்கிப் பணத்தைக் கட்டாதீர்கள்.